யாயுப்பியு நோயுப்ஹமுக்கு ஒதுக்கிய வீடு

எங்கள் ஸலோம்ஸ்க் நகரத்தில் வீட்டு வரிசையில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் இரண்டு வகை. காத்திருந்து வீட்டுக்குப் போனவர்கள், காத்திருந்து இடுகாட்டுக்குப் போனவர்கள். டிராம் ஓட்டுநர் சாவ்வா பொதாபோவிச் ஓபாரின் பத்தொன்பது வருஷம் காத்திருந்தும் இரண்டிலும் சேராமல் இருந்தார். அவர் குடியிருந்த மரவீட்டின் தெற்குச் சுவர் தெருப்பக்கம் சரிந்து, மூன்று உருட்டுக்கட்டைகளின் தயவில் நின்றது. கழிப்பறை முற்றத்தின் கோடியில் இருந்தது. சனவரிக் குளிரில் அவர் மனைவி கிளாஃபிரா நிகோனோவ்னா அங்கே போவதென்றால் கம்பளி பூட்ஸ், ஆட்டுத்தோல் கோட்டு, இரண்டு சால்வை என்று கால் மணி நேரம் தயாராக வேண்டும். அதற்குள் போக வேண்டிய அவசியமே பல நாள் தீர்ந்துவிடும்.

1996 அக்டோபரில் ஆற்றோரத் தெருவின் ஒன்பது மாடிக் கட்டடம் கட்டி முடிந்தது. வீடு யார் யாருக்கு என்ற பட்டியலை நகர வீட்டு வாரியம் தன் வாசல் சுவரில் ஒட்டியது. சாவ்வா விடுப்பு எடுத்து, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போனார். அகர வரிசைப்படி ஓபாரினைத் தேடினார். ஓபாரின் இல்லை. முன்னும் பின்னும் தேடினார். அந்தப் பட்டியலில் மனிதப் பெயர் என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை. எங்கள் எழுத்தில் பெரியது சிறியது என்று இரண்டு வடிவம் உண்டு; பெயரின் முதல் எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். இங்கே எல்லாப் பெயருக்கும் தலை சிறுத்து உடம்பு பெருத்திருந்தது.

"யாரு இவங்கல்லாம்?" என்றார் சாவ்வா.

பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஸ்னோபோவ் என்ற கொத்தனார் தோலைத் துப்பினார். "எஸ்தோனியாக்காரங்களா இருக்கும். இல்லன்னா மங்கோலியா. நம்ம வீட்டை வெளிநாட்டானுக்கு வித்துட்டாங்க. நான் அப்பவே சொன்னேன்ல."

அப்போது அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

சாவ்வாவின் மாடிவீட்டுக்காரி ரிம்மா ஒசிபோவ்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தொழிற்சாலையின் கணிப்பொறி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கண்ணாடியை மாட்டி, பட்டியலை நாளிதழ் படிப்பதுபோல மேலிருந்து கீழே ஓடவிட்டாள்.

"நாப்பத்தேழாவது வரி, ஓபாரின் சாவ்வா பொதாபோவிச். அஞ்சாவது மாடி, ரெண்டு அறை. வாழ்த்துகள். நான் மூணாவது மாடி. ஸ்னோபோவ், நீங்க எட்டாவது மாடி. விதைத்தோலை மேலேர்ந்து துப்பாதீங்க."

சாவ்வா நாற்பத்தேழாவது வரியைப் பார்த்தார். அங்கே 'யாயுப்பியு நோயுப்ஹம்' என்று இருந்தது.

"ரிம்மா ஒசிபோவ்னா, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"எனக்கு ஒண்ணுமில்ல, வாரியத்துக்குத்தான் சீக்கு. மெஷினுக்கு எழுத்து தெரியாது, எண்ணுதான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்துன்னு ஒரு அட்டவணை இருக்கும். இந்த வாரியத்துல மாடிக்கு ஒரு அட்டவணை. இருநூத்தி ஆறுன்னா ரெண்டாவது மாடியில 'ஓ'. அதையே முதல் மாடியில அடிச்சா 'ந'. கீழ்த்தளத்துல அது எழுத்தே இல்ல, கட்டம் போடுற கோடு. உங்க பேரை ரெண்டாவது மாடியில ஏத்தியிருக்காங்க, முதல் மாடியில அச்சடிச்சிருக்காங்க. அவ்வளவுதான். எங்க நிலையத்துல வருஷக்கணக்கா இதைத்தான் பார்த்தோம். கண்ணு பழகிடுச்சு, நேராவே படிச்சிடுவேன்."

சாவ்வாவுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு சின்னத் தவறு, போய்ச் சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று நினைத்தார். பத்தொன்பது வருஷம் வாரியத்துக்கு நடந்த மனிதர் இப்படி நினைத்தார் என்பதை நான் அவருக்குப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

உள்ளே வரிசையில் கடைசி ஆள் யார் என்று விசாரித்து, உள்ளங்கையில் பேனாவால் எண்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டார். சாப்பாட்டு இடைவேளை கழிந்தது. தொழில்நுட்ப இடைவேளை கழிந்தது. ஆறாம் சன்னல் திறந்தது. எங்கள் ஊரில் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் ஓய்வு பெறும் நாள்வரை 'பெண்ணே'தான். நோன்னா எராஸ்தோவ்னாவுக்கு ஐம்பத்தாறு வயது.

"பெண்ணே, நாப்பத்தேழாவது வரியில இருக்கிறது நான்."

"பாஸ்போர்ட்."

எங்கள் நாட்டில் அதுதான் அடையாள அட்டை. அவள் பாஸ்போர்ட்டையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுல ஓபாரின்."

"ஆமா."

"வீடு நோயுப்ஹமுக்கு."

"அது நான்தாங்க. உங்க மெஷின் எழுத்தை மாத்திப் போட்டிருக்கு."

"எங்க மெஷின் ஜெர்மனியிலேர்ந்து வந்தது, அது மாத்திப் போடாது. உங்க பாஸ்போர்ட் கையால எழுதினது. கைதான் தப்பு பண்ணும்." பாஸ்போர்ட்டைத் திருப்பித் தள்ளினாள். "நீங்களும் நோயுப்ஹமும் ஒரே ஆளுன்னு முதல் மாடியில சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. விண்ணப்பத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"ரெண்டு பேரும்னா?"

"நீங்களும் அவரும்."

சாவ்வா படியேறினார். வாரியத்தின் மூன்று தளங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். கீழ்த்தளத்தார் தங்கள் அட்டவணையே பழக்கத்தில் மூத்தது என்பார்கள். முதல் மாடியார் தங்களுடையதுதான் நாட்டின் சொந்த அட்டவணை என்பார்கள். இரண்டாம் மாடியார் தங்களுடையது விலை கொடுத்து வாங்கியது என்று மட்டும் சொல்வார்கள், அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்ற பாவனையில். ஒரு தளத்தின் கெண்டியில் கொதித்த தேநீரை அடுத்த தளத்தார் தொடுவதில்லை. சாவ்வா முதல் மாடியில் ஓபாரினாக வலது கையிலும் நோயுப்ஹமாக இடது கையிலும் கையெழுத்துப் போட்டார். சான்றிதழை ஒரு ஃபிளாப்பித் தட்டில் பதிந்து கொடுத்தார்கள். அதைக் கீழே கொண்டுவந்து நோன்னாவிடம் நீட்டினார். அவள் செருகினாள், மெஷின் கரகரத்தது, தாள் வந்தது. அதில் ஓபாரின் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'யா' என்று ஓர் எழுத்தும், அதன்பின் ஐந்து சுவர்த் துண்டுகளும் இருந்தன. ஒரு மூலை, ஒரு நாற்சந்தி, கூரை இல்லாத மூன்று தூண்கள்.

சாவ்வா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பரவாயில்ல. பத்தொன்பது வருஷத்துல வாரியம் எனக்குக் குடுத்த முதல் சுவர்," என்றார்.

"கட்டட வரைபடம்லாம் இங்க வாங்க மாட்டோம். அடுத்த ஆள்," என்றாள் நோன்னா.

வாரியத் தலைவர் வலேரியன் கபிதோனோவிச் க்ருக்லோவைப் பார்க்க மூன்று வாரம் ஆயிற்று. சாவ்வாவோடு ரிம்மாவும் வந்தாள். கையில் ஒரு ஃபிளாப்பித் தட்டு. அதில் முப்பது வரி நிரல், ஒரு சாயங்காலத்தில் அவளே எழுதியது. தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில், முன்பு ஒரு படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளிறாமல் சதுரமாக இருந்தது. அதில் அடுத்து யாரை மாட்டுவது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரவில்லை.

"இதை ஓடவிட்டா அரை நிமிஷம்," என்றாள் ரிம்மா. "நூத்திப் பன்னிரண்டு பேரும் சரியாயிடும்."

தலைவர் தட்டைத் தொடவில்லை. விரல்களைக் கோத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிகிறதா? நூற்றுப் பன்னிரண்டு குடிமக்களை ஒரே விசையில் அழிக்கச் சொல்கிறீர்கள். அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். ஒரு பட்டியல், ஒரு கையெழுத்து, மனிதன் இல்லை. நாம் இன்று ஜனநாயகத்தில் இருக்கிறோம். நோயுப்ஹமுக்கும் உரிமை உண்டு."

"நோயுப்ஹம்னு ஒருத்தர் கிடையாதுங்க," என்றார் சாவ்வா.

"அதை அவர் வந்து சொல்லட்டும்." தலைவர் ஒரு கோப்பைத் திறந்தார். "ஓபாரின் என்ற நீங்கள் இந்த வாரியத்துக்கு நூற்று நாற்பது மனு எழுதியிருக்கிறீர்கள். சுவர், கூரை, கழிப்பறை, மறுபடியும் சுவர். நோயுப்ஹம் ஒரு மனுகூட எழுதவில்லை. சன்னலில் சத்தம் போட்டதில்லை. வரிசையை முந்தியதில்லை. உண்மையைச் சொன்னால், இந்த வாரியம் எந்தக் குடிமகனுக்காக ஏற்படுத்தப்பட்டதோ அவர் இப்போதுதான் வந்திருக்கிறார். அவரை நான் விட்டுக்கொடுக்க முடியாது."

வெளியே நிஜமாகவே அப்படி ஒரு அறிவிப்பு தொங்கியது. பட்டியலில் புதிதாகத் தென்பட்ட நூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்ததால் நகரத்தின் மக்கள்தொகை உயர்ந்திருப்பதாகவும், அவர்களைக் கவனிக்க 'புதிய குடிமக்கள் பிரிவு' ஒன்றும் அதற்கு நான்கு நாற்காலிகளும் அனுமதிக்கப்பட்டிருப்பதாகவும் அதில் இருந்தது. நோயுப்ஹமுக்கு முன்மாதிரிக் குடிமகன் என்ற பாராட்டுப் பத்திரம். வாங்க ஆள் வராததால் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

"உங்களுக்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை," என்றார் தலைவர், குரலைத் தணித்து. "பெயர் மாற்றப் படிவம் ஒரு பக்கம்தான். நீங்கள் நோயுப்ஹம் ஆகிவிடுங்கள். சிலர் ஆகிவிட்டார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை சாவி வழங்கும் விழா. பெயர் வாசிப்போம். ஆள் வராத வீடுகள் கையிருப்புக்குப் போகும்."

கையிருப்பு என்பது தலைவரின் மைத்துனர், மருமகன், மருமகனின் தம்பி ஆகிய மூவர் என்பதும் ஊருக்கே தெரியும்.

வாசலில் ஸ்னோபோவ் விதை கொறித்துக்கொண்டு நின்றார். புதுப் பாஸ்போர்ட்டைக் காட்டினார். யம்னோன்ப் என்று இருந்தது.

"என்னய்யா இது?" என்றார் சாவ்வா.

"வீடு வேணும்ல. பேரு போனா மயிராச்சு." ஆனால் அவர் பாஸ்போர்ட்டை மடித்து உள்ளே வைத்த விதம், பல் பிடுங்கிக்கொண்டவன் வாயை மூடுகிற மாதிரி இருந்தது.

அன்று வீட்டில் சண்டை. கிளாஃபிரா நிகோனோவ்னா முட்டைக்கோஸ் சூப்பை மேசையில் வைத்துவிட்டு உட்காரவே இல்லை.

"ஆகிட்டுப் போயேன் சாவ்வா. நோயுப்ஹம்னா என்ன, கொம்பா முளைக்கப்போகுது? எனக்கு முதுகு போச்சு. குழாயைத் திறந்தா வெந்நீர் வரணும், கதவைத் திறந்தா கழிப்பறை இருக்கணும். பேரை வச்சுக் குளிக்க முடியுமா?"

"முடியாது."

"அப்புறம்?"

சாவ்வா ரொட்டியைப் பிய்த்தபடி இருந்தார். அவர் ஓட்டும் மூன்றாம் எண் டிராம், பூங்காவின் போர் நினைவுச் சின்னத்தைத் தொட்டுப் போகும். அந்தக் கல்லில் ஓபாரின் பொதாப் என்று ஒரு வரி இருக்கிறது. 1942-ல் போருக்குப் போய்த் திரும்பாத அப்பா. உடம்பும் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. சாவ்வாவுக்கு அப்போது மூன்று வயது, முகம்கூட நினைவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் டிராம் மணியை ஒரு தடவை அடிப்பார். நிறுத்தம் இல்லாத இடத்தில் ஏன் மணி என்று முப்பது வருஷமாகப் பயணிகள் யாரும் கேட்டதில்லை.

"அப்பாகிட்டேர்ந்து எனக்கு வந்தது அந்தப் பேரு ஒண்ணுதான், கிளாஷா. வேற ஒரு பொத்தான்கூட வரல. அதையும் க்ருக்லோவ்கிட்ட குடுத்துட்டு சாவி வாங்கணுமா? நான் மாட்டேன். சுவரு என் மேல விழட்டும்."

"உன் மேல மட்டுமா விழும்?" என்றாள் கிளாஃபிரா. அது எனக்கும் நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

மறுநாள் அவர் டிராமுக்குப் போனதும் கிளாஃபிரா ஒரு சாக்லேட் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆறாம் சன்னலுக்குப் போனாள். கணவனுக்குத் தெரியாமல் படிவத்தை நிரப்பிவிட்டு, கையெழுத்தைச் சூப்போடு சேர்த்து வாங்கிவிடுவது அவள் திட்டம். நோன்னா பெட்டியை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தாள். படிவத்தைப் பார்த்தாள்.

"குடும்ப நிலை?"

"கல்யாணம் ஆயிருக்கு. முப்பத்தாறு வருஷம்."

"யாரோட?"

"ஓபாரினோட."

"இவரு நோயுப்ஹம் ஆனதும் நீங்க அவரோட ஒரே வீட்டுல இருக்க முடியாதே. அவரு பிரம்மச்சாரி. எங்க மெஷின்ல அவருக்கு மனைவி இல்ல." நோன்னா உண்மையான அக்கறையோடு யோசித்தாள். "ஒண்ணு செய்யுங்க. ஓபாரினை விவாகரத்து பண்ணிட்டு நோயுப்ஹமைக் கட்டிக்குங்க. விண்ணப்பம் குடுத்தா யோசிக்கிறதுக்கு ஒரு மாசம் தருவாங்க, சட்டப்படி. அவசரப்படக்கூடாதில்ல, முன்பின் தெரியாத ஆளு."

கிளாஃபிரா நிகோனோவ்னா சன்னலுக்குள் கையை விட்டு, சாக்லேட் பெட்டியை எடுத்துக்கொண்டாள். வாரியத்தின் வரலாற்றில் கொடுத்த பெட்டி திரும்பி வந்தது அதுவே முதல் தடவை என்று வரிசையில் நின்றவர்கள் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சால்வையைக் கழற்றாமலே சொன்னாள்: "சாவ்வா, அந்தக் கடங்காரன் நோயுப்ஹம் நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது. வீடும் வேணும், பேரும் வேணும். என்ன செய்யணும்னு சொல்லு."

செய்ய வேண்டியது மிகச் சின்னது. சாவ்வா மூன்று நாள் சாயங்காலங்களில் பட்டியலிலிருந்த எல்லாக் குடும்பங்களையும் பார்த்தார். எல்லோரிடமும் ஒரே பேச்சு: "சனிக்கிழமை அவங்க கூப்பிடுற பேருக்கு யாரும் போகாதீங்க. உங்க பேரு வந்தாப் போங்க. ரிம்மா ஒசிபோவ்னா இருப்பாங்க." சிலர் பயந்தார்கள். ஸ்னோபோவ், "எனக்கு ஏற்கெனவே ஆயிடுச்சே," என்று சொல்லிக் கதவைப் பாதி சாத்தினார்.

சனிக்கிழமை ஈரப்பனி பெய்தது. புதுக் கட்டடத்து வாசலில் சிவப்புத் துணி விரித்த மேசை, அதன்மேல் சீட்டுக் கட்டிய நூற்றுப் பன்னிரண்டு சாவிகள். வரவேற்பு மரபுப்படி ஒரு தட்டில் ரொட்டியும் உப்பும். மாகாணத் தலைநகரிலிருந்து வந்த விருந்தினர், தொலைக்காட்சிக் காமிரா, தீயணைப்புப் படையின் பித்தளை வாத்தியக் குழு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முழக்கம் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதியிருந்தது. குடும்பங்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு எதிரில் நின்றன. கிளாஃபிராவின் கோட்டுக்குள்ளே சாம்பல் நிறப் பூனை தீம்கா இருந்தது. புது வீட்டுக்குள் முதலில் பூனைதான் போக வேண்டும். வாரியம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

தலைவர் பேசினார். "வீடு என்பது செங்கல் அல்ல, சிமெண்டு அல்ல. வீடு என்பது பட்டியல். பட்டியலில் இருக்கும் மனிதனுக்குக் கூரை இல்லாவிட்டாலும் அவன் அனாதை அல்ல. பட்டியலில் இல்லாதவனுக்குக் கூரை இருந்தாலும் அவன் இருக்கிறானா என்பதே கேள்வி. இன்று இந்த வாரியம் மனிதனைப் பட்டியலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது." கைதட்டல் வராததால் வாத்தியக் குழு முழங்கியது.

சாவிகள் கிடந்த வரிசையில் முதல் பெயரை வாசித்தார். முழக்கம் எழுந்தது. யாரும் அசையவில்லை. இரண்டாவது பெயரில் நாலு மெய்யெழுத்து சேர்ந்தாற்போல வந்தது. தலைவர் அதை இரண்டு தடவை முயன்றார். முழக்கம். யாரும் அசையவில்லை. பத்தாவது பெயருக்குள் அவர் உதட்டில் பனியா எச்சிலா என்று தெரியாத ஏதோ வழிந்தது. ஒருவர்கூட இருமவில்லை. ஆறு வயதுக் குழந்தைகளும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

"இவங்கல்லாம் யாரு?" என்று விருந்தினர் மெதுவாகக் கேட்டார்.

"மக்கள்," என்றார் தலைவர். "உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்கள்."

பதினோராவது பெயர் யம்னோன்ப். ஸ்னோபோவின் வலது கால் முன்னால் போனது. ஊரே அந்தக் காலைப் பார்த்தது. அவர் அதைத் திரும்ப எடுத்து இடது காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அப்போது ரிம்மா ஒசிபோவ்னா தன் மூட்டைகளுக்கு நடுவில் இருந்த சமையலறை முக்காலியில் ஏறினாள். கையில் அதே பட்டியலின் நகல். இருபத்திரண்டு வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை.

"ஸ்னோபோவ் எகோர் சவேலிச்," என்றாள்.

ஸ்னோபோவ் நடந்தார். நேராக மேசைக்குப் போய்ச் சாவியை எடுத்தார். திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஈரப்பனி," என்றார், யாரும் கேட்காமலே.

அதன்பின் நிறுத்த முடியவில்லை. விட்டுப்போன முதல் பத்துப் பேரையும் ரிம்மா கூப்பிட்டாள், அவர்களும் வந்து சாவி எடுத்தார்கள். தலைவர் ஒரு பெயரைப் படிப்பார், முழக்கம் வரும், ரிம்மா மனிதப் பெயரைச் சொல்வாள், மனிதர் போய்ச் சாவியை எடுப்பார். காமிரா ஓடிக்கொண்டிருந்தது. விருந்தினர் இது ஏதோ உள்ளூர் மரபு என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் கைதட்டினார். நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று சொல்ல வேண்டும், சொன்னால் யாரைக் கூப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். தலைவர் வாசித்துக்கொண்டே போனார்.

"யாயுப்பியு நோயுப்ஹம்."

"ஓபாரின் சாவ்வா பொதாபோவிச்," என்றாள் ரிம்மா.

சாவ்வா மேசைக்கு வந்தார். சாவியை எடுக்கவில்லை. "வலேரியன் கபிதோனோவிச், என் பேரை நீங்க ஒரு தடவை சொல்லுங்க."

"எனக்கு முன்னால் இருப்பதைத்தான் நான் சொல்ல முடியும்," என்றார் தலைவர் பல்லுக்கிடையில்.

"உங்களுக்கு முன்னால நான்தான் இருக்கேன்."

தலைவர் தாளைப் பார்த்தார், சாவ்வாவைப் பார்த்தார், மறுபடி தாளையே பார்த்து, "நோயுப்ஹம்," என்றார்.

"சரி. அவரு வந்தா அஞ்சாவது மாடிக்கு அனுப்பி வைங்க. ஒரு டீ குடுப்போம்." சாவியை எடுத்துக்கொண்டு, ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு போனார். ஐந்தாம் மாடியில் கதவைத் திறந்ததும் தீம்கா முதலில் நுழைந்து, இரண்டு அறையையும் முகர்ந்து, குளியலறையில் போய் உட்கார்ந்தது. கிளாஃபிரா குழாயைத் திறந்தாள். துருப்பிடித்த தண்ணீர் வந்தது, பிறகு வெந்நீர் வந்தது. அவள் வெகுநேரம் கையை அதற்கடியிலேயே வைத்திருந்தாள்.

சாவ்வா டிராம் பணிமனையிலிருந்து சிவப்பு எண்ணெய்ச் சாயமும் ஒரு தூரிகையும் கொண்டுவந்து, கதவின்மேல் உள்ளங்கை அகல எழுத்தில் தன் முழுப்பெயரை எழுதினார். முதல் எழுத்து எல்லாவற்றிலும் பெரியது. அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டார் தூரிகையை இரவல் கேட்டார்கள். தூரிகை ஒன்பது மாடியும் சுற்றிவிட்டு, மயிர் உதிர்ந்து அடுத்த வாரம்தான் திரும்பி வந்தது.

வாரியம் சும்மா இருக்குமா? நோயுப்ஹமின் வீட்டை ஓபாரின் என்பவர் ஆக்கிரமித்திருப்பதாகவும், அவரை உடனே வெளியேற்ற வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் நூற்றுப் பன்னிரண்டு உத்தரவு. இரண்டாம் மாடியில் எழுதினார்கள். அச்சு மெஷின் அன்று கீழ்த்தளத்தில்தான் வேலை செய்தது.

அவற்றைக் கொண்டுவந்தவர் வட்டாரக் காவல் அதிகாரி கேப்டன் துத்கின். ஐந்தாம் மாடிவரை ஏறி மூச்சு வாங்கினார். மின்தூக்கி கட்டட வரைபடத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தாளை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இங்க..." என்றார். ஒரு நாற்சந்திச் சுவர், அதன்பின் சம்பந்தமில்லாத சில எழுத்துகள். "இந்தப் பேர்ல யாராவது இருக்காங்களா?"

"எந்தப் பேர்ல?" என்றார் சாவ்வா.

கேப்டன் தாளைத் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார். "படிக்க முடியல."

"படிக்க முடியாத ஆளை எப்படி வெளியேத்துவீங்க?"

"அது எனக்குத் தெரியாது. இங்க நோயுப்ஹம்னு ஒருத்தர் இருக்கணுமாம்."

"அவரு வாரியத்துலதான் குடியிருக்காரு," என்றாள் கிளாஃபிரா உள்ளிருந்து. "பாராட்டுப் பத்திரம்கூட மாட்டியிருக்கு. அங்க போய்த் தேடுங்க."

கேப்டன் பெருமூச்சு விட்டுப் பையிலிருந்து அறிக்கைத் தாளையும் பேனாவையும் எடுத்தார். காவல் நிலையத்துக்கு இன்னும் கணிப்பொறி வரவில்லை. "ஏதாவது எழுதிட்டுப் போகணும்ல. இந்த வீட்டுல யாரு குடியிருக்காங்க?"

"கதவுல இருக்கு. படிங்க."

கேப்டன் சாவ்வாவை வெளியே வரவிட்டுக் கதவைச் சாத்தி, ஓரடி பின்னால் போய்ப் பார்த்தார். "ஓபாரின் சாவ்வா பொதாபோவிச்," என்று படித்தார்.

பத்தொன்பது வருஷத்தில் ஓர் அரசாங்கத் தொப்பிக்கு அடியிலிருந்து அந்தப் பெயர் முழுசாக, தவறில்லாமல் வெளியே வந்தது. சாவ்வா கொஞ்சம் முரட்டுத்தனமாகவே பேசினார்.

"சத்தமாப் படிங்க, கேப்டன். மாடிப்படியில கேக்கணும்."

கேப்டன் சத்தமாகப் படித்தார். புது கான்கிரீட் சுவர்கள் அந்தப் பெயரை எடுத்து மேலேயும் கீழேயும் கொண்டுபோயின. பிறகு அவர் தாளைக் கதவின்மேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கையால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: இந்த வீட்டில் ஓபாரின் சாவ்வா பொதாபோவிச் குடியிருக்கிறார், வேறு எவரும் காணப்படவில்லை. தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் எதிர்க்கதவு திறந்தது. பக்கத்துக் கதவு திறந்தது. கீழே மூன்றாம் மாடியில் ரிம்மா ஒசிபோவ்னாவின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மேலே கைப்பிடிக் கம்பிக்கு மேலாக ஸ்னோபோவின் தலை எட்டிப் பார்த்தது. ஒரு விதைத்தோல் சுழன்று சுழன்று கேப்டனின் தொப்பியில் வந்து இறங்கியது.

"கேப்டன்," என்றார் ஸ்னோபோவ். "அப்படியே மேல வாங்க. எங்க கதவையும் படிச்சிட்டுப் போங்க."